லைன் வீடா, கம்பெனி விடுதியா, தினமும் வேனா?

திருப்பூருக்குப் பிழைக்க வருகிறவருக்கு பனியன் கம்பெனி வேலை இரண்டொரு நாளில் அமைந்துவிடும். படுக்க இடம் தேடித்தான் அலைய வேண்டும்.

நெரிசலை மக்கள் அடர்த்தியை வைத்து அளப்பவர்களை நான் நம்புவதில்லை. 2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள், ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டரில், 4,44,352 பேர் இருந்தார்கள். வேலம்பாளையம், நல்லூர் எல்லாம் சேர்ந்த மாநகராட்சி எல்லையில், அதாவது சுமார் 160 சதுர கிலோமீட்டரில், அதே கணக்கெடுப்பின்படி 8,77,778 பேர். சதுர கிலோமீட்டருக்கு 16,000 பேர் என்ற கணக்கு 5,500 ஆகச் சரிந்துவிட்டது. இதற்காக ஒருவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறவில்லை. எண்ண வேண்டியது அறைக்குள் இருக்கும் தலைகளை.

லைன் வீடு என்றால் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகள். கக்கூஸும் குளியலறையும் கடைசியில், எல்லோருக்கும் பொது. நான் வளர்ந்ததும் அப்படி ஒன்றில்தான். கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தியிருப்போம். கீழே அரிசி மூட்டை, தண்ணீர்க் குடங்கள், மழை நாளில் தம்பியின் படுக்கை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் போனால் நெரிசல் என்கிறது ஐ.நா. வாழ்விட அமைப்பு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ, வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. பத்தடி உயரமுள்ள எங்கள் அறையை அந்தக் கணக்கில் வகுத்தால் இரண்டு பேருக்குத்தான் தேறும். அம்மாவுக்கு கம்பெனியில் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷின் வரிசையில், இருந்த இடம் வீட்டில் இல்லை.

விடுதியில் வாடகை முன்பணத் தொல்லை இல்லை, சாப்பாடும் கிடைக்கும். தனியாக வரும் பெண்ணுக்கு முதல் சில மாதங்களுக்கு அதுவே நல்லது. ஆனால் கம்பெனி வேலையை விட்டால் கட்டிலையும் விட வேண்டும். அவசர ஆர்டர் என்றால் முதலில் எழுப்பப்படுவதும் விடுதிக்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகவும் கையெழுத்து.

காங்கேயம், தாராபுரம் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர்களுக்குச் சொந்த வீடு, வாசல், காற்று எல்லாம் உண்டு. அனுபவிக்கத்தான் நேரம் இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குக் கிளம்பினால் வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு, இத்தனை குறையோடும், லைன் வீட்டைத்தான் சொல்வேன். சாவி நம் கையில் இருக்கும். கம்பெனி மாறலாம், ஊரிலிருந்து மாமியாரை வரவழைக்கலாம், பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போகலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரியது என்பது விடுதி கட்டுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒன்று மட்டும்: வீடு பார்க்கப் பகலில் போகாதீர்கள். பகலில் எல்லா லைனும் காலியாகத்தான் தெரியும். இரவு ஒன்பதரைக்குப் போய், கதவு கதவாக வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுங்கள். கக்கூஸ் எத்தனை என்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.