சன்டியூ இலைத் துண்டு வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

பூச்சி பிடிக்கும் செடிகள் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சன்டியூ அப்படி ஒரு செடி, இலை ரோமங்களின் பசைத்துளியில் பூச்சி ஒட்டிக்கொள்ளும். சில வகைகளில் இலையைத் தனியாக எடுத்து வைத்தாலே புதுச் செடி துளிர்க்கும். இன்ஸ்டாகிராமில் ஒருவர் ‘கேப் சன்டியூ இலைத் துண்டு, பத்து இலை 650 ரூபாய், கட்டாயம் துளிர்க்கும்’ என்று விற்கிறார். என்னிடம் முழுப் பணத்தையும் முதலிலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டு வேறு செடியின் இலைகளை அனுப்பினார்.

கேப் சன்டியூ தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிச் செடி. இலை நாடா மாதிரி நீளமாக, காம்போடு நிமிர்ந்து நிற்கும். விளம்பரப் படத்தில் இருந்ததும் அதுதான். பார்சலில் வந்ததோ காய்ந்த டிஷ்யூ பேப்பரில் சுருட்டிய, ஆப்பு வடிவக் குட்டி இலைகள். பாதி கறுத்திருந்தன. கூடவே ‘தாய்ச்செடி இலவசம்’ என்று ஒன்று. தரையோடு ஒட்டிய சின்ன இலை வட்டம், நடுவே வெள்ளைப் பூத்தண்டு, வேரில் செம்மண், அதில் சிக்கிய புல்வேர்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம் பக்கத்து ஈரப் புல்வெளிகளில் தானாக முளைக்கும் இன்னொரு சன்டியூ, அழுகண்ணி (துரோசெரா பர்மனி). பெரும்பாலும் ஓராண்டுச் செடி, பூத்து விதை விட்டதும் காய்ந்துவிடும். இலையிலிருந்து துளிர்ப்பது அரிது, விதை போட்டுத்தான் வளர்ப்பார்கள். தொட்டியில் வளர்த்த செடி என்றால் வேரில் பீட் மாஸ் (மக்கிய பாசி) இருக்கும், செம்மண்ணும் புல்லும் ஏன் வருகிறது? எங்கேயோ புல்வெளியில் பிடுங்கியிருக்கிறார். விதை உதிர்வதற்குள் பிடுங்கினால் அடுத்த வருடம் அங்கே என்ன முளைக்கும்? பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் அனுப்பிய வளர்ப்புக் குறிப்பு இன்னும் மோசம். கோகோபீட்டில் மண்புழு உரம் கலந்து, போர் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். சத்தில்லாத மண்ணில் வாழ்வதால்தான் இந்தச் செடி பூச்சி பிடிக்கிறது. உரமும் போர் தண்ணீரின் உப்பும் பட்டால் வேர் கருகிவிடும். சரியாக அலசாத கோகோபீட்டிலேயே உப்பு இருக்கும். தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 50-க்குள் இருப்பது நல்லது. மழைநீர் இருந்தால் கவலையில்லை. வீட்டு ஆர்ஓ தண்ணீரை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், சுவைக்காகப் பல மெஷின்களில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையே கலந்து விடுகிறார்கள்.

அதே சமயம் நண்பர் ஒருவர் தன் கேப் சன்டியூவிலிருந்து சில இலைகள் கொடுத்தார். தண்டிலிருந்து அடிக்காம்போடு கீழ்நோக்கி உரித்தவை. அவற்றையும் விலைக்கு வாங்கியவற்றையும் ஒரே மூடி போட்ட டப்பாவில், மழைநீரில் மிதக்கவிட்டு, வெளிச்சமான ஜன்னலோரம் வைத்தேன். வாங்கிய இலைகள் கூழாகிவிட்டன. நண்பர் கொடுத்த இலைகளில் சில வாரங்களில் சிவப்பு ரோமங்களுக்கு நடுவே பச்சைப் புள்ளிகள் எழும்பின. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் செடி, அதற்குள் தனியாகப் பசைத்துளி வேறு!

‘உங்க தண்ணி சரியில்ல’ என்றார் விற்றவர். சரி என்று, அதே தண்ணீரில் நண்பரின் இலைகள் துளிர்த்திருக்கும் படத்தை அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை, பிளாக் செய்துவிட்டார்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தாய்ச்செடியைத் தொட்டியோடு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இலை ஈரமான ஸ்பாக்னம் பாசியில், அடிக்காம்போடு வர வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. கேப் சன்டியூ தன் மகரந்தத்திலேயே சூல்கொண்டு ஏராளமாக விதை தரும். வளர்ப்பவர் யாரையாவது தெரிந்தால் ஒரு சிட்டிகை விதை கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள்.