பைபாஸுக்குப் போகிறவர்களுக்கு: யூரின் ட்யூப், ஒரு மதிப்பீடு

நெஞ்செலும்பை அறுத்துத் திறக்கப் போகிறோம் என்று டாக்டர் சொல்லும்போது அமைதியாகத் தலையாட்டுகிறவர்கள், "யூரின் போக ஒரு ட்யூப் போடுவோம்" என்றதும் வெளிறிப்போவது இதயப் பிரிவு வார்டுகளில் அன்றாடக் காட்சி. கூச்சத்தில் கேள்வி வெளியே வராது. கேட்காத கேள்வி ராத்திரி முழுக்க உள்ளேயே உருண்டுகொண்டிருக்கும். அதனால் அந்த ட்யூபையே கையில் எடுத்து, ஒரு குக்கரை மதிப்பிடுவதுபோல, எங்கே உழைக்கும், எங்கே சொதப்பும் என்று பார்த்துவிடலாம்.

பொருளின் பெயர் ஃபோலி கதீட்டர். ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) 1930களில் உருவாக்கிய வடிவம்; அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். மெல்லிய, வளையும் குழாய். நுனி மழுங்கலாக மூடியிருக்கும், பக்கவாட்டில் சிறுநீர் நுழைய இரண்டு துளைகள். நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன பலூன். வெளிமுனை இரண்டாகக் கவைபோலப் பிரியும்: ஒன்று வெளியே தொங்கும் சேகரிப்புப் பைக்குப் போகும், மற்றதில் வண்ண வால்வு. அந்த வால்வில் சிரிஞ்சைச் செருகி 10 மில்லி கிருமி நீக்கிய நீரை ஏற்றினால் உள்ளே பலூன் உப்பும். குழாய் நழுவி வெளியே வராது. சலைன் ஏற்றுவதில்லை, உப்பு படிந்து வால்வுப் பாதையை அடைத்துவிடலாம். 10 மில்லி நீர் பிடித்த பலூன் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் சென்டிமீட்டர் குறுக்களவு, ஒரு பெரிய நெல்லிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நெல்லிக்காயை நினைவில் வையுங்கள். நல்லது கெட்டது இரண்டும் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் பயத்தின் பெரிய பங்கைக் கழித்துவிடலாம். திட்டமிட்ட இதய அறுவை சிகிச்சையில் இந்தக் குழாயைப் பொதுவாக மயக்கம் கொடுத்த பிறகுதான் போடுவார்கள். மூச்சுக்குழாய் போட்டு, கழுத்து ரத்தக் குழாயில் லைன் போடும் நேரத்தை ஒட்டி, நீங்கள் ஆழ்ந்து கிடக்கும்போது இந்த வேலையும் முடிந்துவிடும். வலி தெரியாது, கூச்சமும் தெரியாது. ஆனாலும் முந்தைய நாள் மயக்க மருத்துவர் பார்க்க வருவார் அல்லவா, அப்போது "ட்யூபை மயக்கத்துக்கு அப்புறம்தானே போடுவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "ஆமாம்" என்று காதால் கேட்டுவிட்டால் பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும். பெண்கள், பெண் செவிலியர்தான் போட வேண்டும் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

இன்னொரு குழப்பம். ஆஞ்சியோகிராம் செய்தவர்கள் "எனக்கும் கதீட்டர் போட்டாங்க" என்பார்கள். அது மணிக்கட்டு அல்லது தொடை ரத்தக் குழாய் வழியாகப் போவது. மணிக்கட்டு வழி ஆஞ்சியோகிராமுக்கு யூரின் ட்யூப் வழக்கமாகத் தேவைப்படுவதே இல்லை. சொல் ஒன்று, பொருள் வேறு.

சரி, இது இல்லாமல் அறுவை சிகிச்சை செய்ய முடியாதா? ஆணுறைபோல வெளியே மாட்டும் குழாய் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வார்டில் படுத்திருப்பவருக்கு அது நல்ல பொருள். ஆபரேஷன் தியேட்டருக்குப் பொருந்தாது. மயக்கத்தில் சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கி வடியாது, தேங்கி ஊதிக்கொண்டே போகும். இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டால் இயந்திரத்தை நிரப்பவே லிட்டர் கணக்கில் திரவம் சேர்கிறது. பல இடங்களில் அதில் மேனிட்டால் என்ற, சிறுநீரைக் கூட்டும் மருந்தையும் கலப்பார்கள். அந்த நீர் எல்லாம் வெளியேறியாக வேண்டும். ஐசியூவுக்கு வந்ததும் தேவைப்பட்டால் நீரைப் பிரித்து வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி. லாசிக்ஸ் போட்டால் அரைமணிக்கு ஒருமுறை முட்டும். கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்போடு ஒவ்வொரு முறையும் இடுப்பைத் தூக்கி பெட்பேன் வைப்பதை நினைத்துப் பாருங்கள்; ட்யூப் எவ்வளவோ மேல்.

அதைவிடப் பெரிய காரணம் கணக்கு. உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி சிறுநீர் என்பது ஐசியூவின் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. 60 கிலோ எடைக்காரருக்கு மணிக்கு 30 மில்லி. அது குறைந்தால் இதயம் போதிய ரத்தத்தைத் தள்ளவில்லை, அல்லது சிறுநீரகம் திணறுகிறது, அல்லது ரத்த அளவு போதவில்லை என்று பொருள். இல்லையென்றால் குழாய் எங்கோ மடங்கியிருக்கிறது! நல்ல சிஸ்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். இதற்காகவே பெரிய பைக்கு முன்னால் அளவுக்கோடு போட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கும், யூரோமீட்டர் என்பார்கள். மணிக்கு மணி அதைப் பார்த்து எழுதிவிட்டுப் பைக்குள் கவிழ்ப்பார்கள். இதய அறுவை சிகிச்சைக்கென்றே நுனியில் வெப்ப உணரி வைத்த ரகமும் உண்டு. உடலைக் குளிர்வித்துத் திரும்பச் சூடேற்றும்போது உள்வெப்பம் காட்டும். அதன் வெளிமுனையில் ஒரு ஒயர் தொங்குவதைப் பார்த்து மின்சாரம் பாய்ச்சுகிறார்களோ என்று பயப்பட வேண்டாம்.

எந்த அளவு, எந்த ரகம் என்பதில்தான் மதிப்பீட்டாளருக்கு வேலை. அளவை ஃபிரெஞ்ச் என்ற எண்ணில் சொல்வார்கள். மூன்றால் வகுத்தால் வெளிக்குறுக்களவு மில்லிமீட்டரில் வந்துவிடும். 14 என்றால் ஏறத்தாழ 4.7, 16 என்றால் 5.3. வால்வின் நிறமே அளவைக் காட்டும்: 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. பெரிய குழாய் போட்டால் நன்றாக வடியும் என்ற எண்ணம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தெளிந்த சிறுநீருக்கு 14 தாராளம், ஆண்களுக்கு 16 வரை சரி. ரத்தக்கட்டி வடிய வேண்டிய நிலை இல்லாமல் 18 எடுக்கக் காரணமே கிடையாது. பெரிய குழாய் பாதையை உரசும், எரிச்சலைக் கூட்டும்.

ரகத்தில், மஞ்சளாகத் தெரிவது சிலிகான் பூச்சுப் பூசிய லேடெக்ஸ் ரப்பர். மலிவு, மிருது, ஓரிரு நாள் வேலைக்குப் போதும். கண்ணாடிபோல் தெரிவது முழு சிலிகான். சுவர் மெலிது என்பதால் அதே அளவில் உள்துவாரம் அகலம். ஆகவே 14 சிலிகானே பெரும்பாலும் போதும். குறை என்னவென்றால், பலூனை வடித்த பிறகு சிலிகான் சில சமயம் முழுதாகப் படியாமல் சுற்றிலும் ஒரு மடிப்பு நிற்கும். எடுக்கும்போது அந்த மடிப்பு ஒரு கணம் சுரண்டும். பலூன் ஊதும்போதோ ரப்பர் கையுறை பட்டோ அரிப்பு, தடிப்பு வந்தவர்கள் அதைக் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். அவர்களுக்கு முழு சிலிகான்தான், வேறு பேச்சில்லை. வெள்ளிப் பூச்சு ரகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? 2012இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு 24 மருத்துவமனைகளில் இதைச் சோதித்தது. குறுகிய காலப் பயன்பாட்டில் நோய்த்தொற்றை அது குறைக்கவில்லை. இரண்டு நாள் வேலைக்கு வேண்டாத செலவு.

இப்போது நெல்லிக்காய்க்கு வருவோம். பயப்படுகிறவர்கள் எல்லோரும் குழாய் நுழையும் நேரத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது உங்களுக்குத் தெரியவே போவதில்லை. தெரியப் போவது கண் விழித்த பிறகான சில மணி நேரம். பலூன் சிறுநீர்ப்பையின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்து நரம்புகளுக்கு எது அழுத்தினாலும் சிறுநீர் என்றுதான் தெரியும். சிறுநீர்ப்பை காலியாகவே இருக்கும், ஆனால் அடக்க முடியாமல் முட்டுவதுபோல் இருக்கும். ஆண்களுக்கு ஆணுறுப்பின் நுனியில் எரிச்சலும் சேரும். வாயில் வென்டிலேட்டர் குழாய் இருப்பதால் சொல்லவும் முடியாது. படுக்கையை நனைத்துவிடுவோமோ என்று பயந்து சிலர் இறுக்கிப் பிடிப்பார்கள், சிலர் முக்குவார்கள். இரண்டுமே சிறுநீர்ப்பையை இன்னும் சுருட்டும். முக்கினால் நெஞ்சுத் தையலும் சேர்ந்து வலிக்கும்.

செய்ய வேண்டியது நேர் எதிர். தொடையையும் இடுப்பையும் தளரவிட்டு, வென்டிலேட்டர் தரும் மூச்சோடு போக வேண்டும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் மூளை அதைப் பழகிக்கொள்ளும். முந்தைய நாளே வீட்டாரிடமும் சிஸ்டரிடமும் ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து இரண்டு தட்டு தட்டினால் "யூரின் முட்டுது" என்று அர்த்தம். "ஐயா, ட்யூப் இருக்கு, தானா போயிட்டே இருக்கு, நீங்க முக்காதீங்க" என்று யாராவது காதருகே சொன்னாலே பாதி அடங்கும். அடங்கவில்லையென்றால் பொறுத்துக்கொள்ள அவசியமில்லை. சிறுநீர்ப்பைச் சுருக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள் உண்டு. அதற்கு முன், வெளியே தொங்கும் பையில் சிறுநீர் சேர்கிறதா, குழாய் எங்காவது மடங்கியோ உடம்புக்கு அடியில் நசுங்கியோ கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே அடைத்துக்கொண்டு சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் இதே உணர்வுதான் வரும்.

பொருளின் மேல் வரும் புகார்களில் பெரும்பகுதி பொருத்தியதன் மேலான புகார். ஆண்களுக்கு இரண்டு இன்ச் மிச்சம் வைக்காமல் கவை வரை உள்ளே தள்ளி, சிறுநீர் வருவதைப் பார்த்த பிறகே பலூனை உப்ப வேண்டும். அவசரப்பட்டுப் பாதையிலேயே உப்பினால் கிழிசல், ரத்தம். பைபாஸில் ஹெபாரின் ஏற்றி ரத்தம் உறையாமல் வைத்திருப்பார்கள் என்பதால் சின்னக் கிழிசலும் நிறைய வடியும். புராஸ்டேட் வீங்கியவர், முன்பு சிறுநீர்ப் பாதையில் சுருக்கம் இருந்தவர், ஏற்கெனவே ட்யூப் போடச் சிரமப்பட்டவர் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நுனி மேல்நோக்கி வளைந்த குழாயைத் தயாராக எடுத்து வைப்பார்கள், தேவையென்றால் யூராலஜிஸ்டை அழைத்துக்கொள்வார்கள். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டவர்கள் திரும்ப முன்னுக்கு இழுத்துவிட வேண்டும், மறந்தால் வீங்கிக்கொள்ளும்.

அடுத்தது இழுபடுதல். தியேட்டர் மேசையிலிருந்து ஐசியூ கட்டிலுக்கு மாற்றும்போது பை ஒருபக்கம் நிற்க, ஆள் மறுபக்கம் நகர, நெல்லிக்காய் கழுத்தில் போய் முட்டும். குழாயைத் தொடையில் சற்றுத் தளர்வுவிட்டு ஒட்டியிருந்தால் இது நடக்காது. பைபாஸுக்காகக் காலில் "நரம்பு" எடுத்திருந்தால் (அது நரம்பு இல்லை, சிரை, ஆனாலும் ஊரே அப்படித்தான் சொல்கிறது) தையல் இல்லாத காலில் ஒட்டச் சொல்லுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. நடக்க ஆரம்பித்ததும் பையைக் கையில் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. வடிந்த சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும்.

விழித்திருக்கும்போதே போட வேண்டிய நிலையும் சிலருக்கு வரும். இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்து சிசியூவில் (இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) சேர்ந்தவர்களுக்கு, உதாரணமாக. அங்கே எல்லாம் இடத்தை மரக்கச் செய்யும் சைலோகெய்ன் ஜெல்லியில்தான் இருக்கிறது. ஆண்களுக்குச் சுமார் 10 மில்லி ஜெல்லியைப் பாதைக்குள் செலுத்தி, 3 முதல் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். குழாயின் மேலே மட்டும் தடவி உடனே நுழைத்தால் வழுக்கும், ஆனால் மரக்காது. உயிருக்கு அவசரம் இல்லாத பட்சத்தில் "மரத்ததும் போடுங்க" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நுழையும்போது வாயால் மெதுவாக மூச்சு விட்டு, சிறுநீர் கழிக்கப் போவதுபோல் தளரவிட்டால் சுருக்குத் தசை வழிவிடும்.

எடுப்பது? வழக்கமாக முதல் அல்லது இரண்டாம் நாள். கூடுதலாக உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதனால் இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸில் "இது இன்னும் வேணுமா?" என்று கேட்பது நல்ல கேள்வி. வால்வில் காலி சிரிஞ்சைச் செருகி, நீர் தானாகத் திரும்பி வர விடுவார்கள். 10 மில்லி போயிருந்தால் ஏறத்தாழ அவ்வளவும் வர வேண்டும். 5, 6 மில்லிதான் வந்தது என்றால் இழுக்கக்கூடாது, சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். பிறகு நீளமாக மூச்சை வெளியே விடச் சொல்லி உருவிவிடுவார்கள். சில நொடி எரிச்சல், அவ்வளவுதான். மயக்கக் குழப்பத்தில் தாமே பிடுங்கிவிடுகிறவர்கள் நெல்லிக்காயோடு சேர்த்துப் பிடுங்குகிறார்கள், அது வேறு கதை. பக்கத்தில் இருப்பவர்கள் கையைக் கவனிக்க வேண்டும்.

எடுத்த பிறகு முதல் ஓரிரு முறை கடுக்கும், லேசான இளஞ்சிவப்பும் தெரியலாம். "நிறையத் தண்ணீர் குடியுங்க" என்று பார்வையாளர்கள் சொல்வதை மட்டும் அப்படியே கேட்காதீர்கள். இதய நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு திரவம் என்ற கட்டுப்பாடு இருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் போகவில்லையென்றால் சொல்ல வேண்டும். வலிக்கான மார்பின் வகை மருந்துகளும் மலச்சிக்கலும் சேர்ந்து, முக்கியமாக புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு, அடைத்துக்கொள்ளும். ஸ்கேனில் 400, 500 மில்லிக்கு மேல் தேங்கியிருந்தால் மெல்லிய குழாயை ஒரே ஒரு முறை விட்டு வடித்து எடுத்துவிடுவார்கள்; இந்தத் தடவை பலூன் கிடையாது. ஆண்கள் படுத்தபடி பாட்டிலில் முயன்று தோற்றுப்போவது சகஜம். ஆள் பிடித்துக்கொள்ள, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலோ நின்றாலோ வந்துவிடும். அளவு ஜாடியில் பிடித்து சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள், கழிவறையில் கொட்டிவிட வேண்டாம். அந்த எண்ணும் சார்ட்டில் ஏற வேண்டும்.