நைட் கார்டு: பல்லைக் காக்கிறது, தாடை வலியைப் பாதிதான் குறைக்கிறது

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கத்தால் எனக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகிக்கொண்டிருந்தன. காலையில் எழும்போது கன்னத்துத் தசையும் நெற்றிப்பொட்டும் கல்லாக இறுகி வலித்தன. (வயிற்றில் பூச்சி இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் கொடுத்த பூச்சி மாத்திரையையும் விழுங்கிப் பார்த்தாயிற்று; பூச்சி இருந்ததோ இல்லையோ, பல் கடிப்பது நிற்கவில்லை.) இரண்டு தொல்லைகளுக்கும் சேர்த்துத்தான் நைட் கார்டு (night guard), அதாவது தூங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் காப்புறை, வாங்கினேன். ஆனால் இரண்டிலும் அது ஒரே அளவில் உதவவில்லை என்பதால் தனித்தனியாகவே மதிப்பிடுகிறேன்.

முதலில் இணையத்தில் விற்கும் மலிவான வகை. வெந்நீரில் முக்கி, இளகியதும் வாயில் வைத்துக் கடித்து, நாமே அச்சுப் பதித்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். எனக்கோ அதன் விளிம்பு உதட்டோரத்தை அறுத்தது, எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய குறை அதன் மென்மை. ரப்பர் போன்ற அந்தப் பரப்பு வாயில் இருக்கும்வரை அதை மென்றுகொண்டே இருக்கத் தோன்றியது, காலை வலியும் கூடியது. மென்மையான கார்டு சிலருக்குத் தசையின் வேலையைக் குறைப்பதற்குப் பதிலாக அதிகமாக்கிவிடும் என்று பிறகு பல் மருத்துவர் விளக்கினார். வாயில் வைக்கும் பொருள் என்பதால் விற்றவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மருத்துவர் செய்து கொடுத்த கடினமான அக்ரிலிக் (ஒருவகைப் பிளாஸ்டிக்) கார்டுக்கு 5,000 ரூபாய் ஆனது. மேல், கீழ்த் தாடைகளுக்கு அச்சு எடுத்து, ஜிப்சம் மாவுக் குழம்பில் பற்களின் மாதிரி வார்த்து, ஆய்வகத்தில் செய்து வரவழைக்கிறார்கள். அந்த விலைக்குரிய வேலை கார்டு வந்த பிறகுதான் நடக்கிறது. கார்டை மேல்பற்களில் மாட்டி, மெல்லிய நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, புள்ளி அழுத்தமாக விழுந்த இடங்களை மருத்துவர் ஒவ்வொன்றாக இழைத்தார். கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சமமாகத் தொட வேண்டும், தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் மட்டுமே உரச வேண்டும் என்பது கணக்கு. இந்த இழைப்பு வேலையைச் செய்யாமல் கையில் கொடுத்து அனுப்பும் இடத்தில் கார்டு செய்துகொள்ளாதீர்கள்.

பழகும்வரை பற்களை இறுக்கிப் பிடிப்பது போலிருந்தது, 'ச' குழறியது. சில மாதங்கள் கழித்துக் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, கண்ணாடி போலிருந்த பரப்பில் வலது கோரைப்பல் உரசும் இடத்தில் பிறை வடிவில் வெண்மையான கீறல்கள் விழுந்திருந்தன. அவை பல்லின் எனாமலில் விழுந்திருக்க வேண்டியவை, எனாமலோ தேய்ந்தால் திரும்ப வளராது. வண்டியின் பிரேக் கட்டையைப் போலத் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் இது. பல்லைக் காக்கும் வேலையில் எனக்கு முழுத் திருப்தி.

வலி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கார்டு போட்டாலும் பல் கடிப்பது தொடர்கிறது, உரசுவது மட்டுமே பல்லுக்குப் பதில் அக்ரிலிக்காகிறது. தூக்கத்தில் பல் கடிப்பதற்குக் கார்டு சிகிச்சையாகப் பயன்படுகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் கூறியது. என் வலியில் ஏறக்குறைய பாதி கார்டால் குறைந்தது. மீதி குறைந்ததற்குப் பகல் பழக்கங்களே காரணம் என்று நினைக்கிறேன். கணினி முன் உட்கார்ந்திருக்கும்போது பற்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று அவ்வப்போது கவனித்து, உதடு மூடி, பற்கள் விலகி இருக்கும்படி தாடையைத் தளர்த்தப் பழகினேன். படுக்குமுன் கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், மாலைக் காபியை விட்டேன். வலி மிகுந்த நாட்களில் முறுக்கையும் தட்டையையும் தொடவில்லை.

கார்டுக்குப் பணம் கட்டுமுன் மருத்துவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். பலத்த குறட்டையோ தூக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்தால் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும், ஏனெனில் மேல்தாடைக் கார்டு சிலருக்கு அந்தத் தடையை மோசமாக்கக்கூடும். செர்ட்ரலின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற மன அழுத்த மாத்திரைகளாலும் சிலருக்குப் பல் கடிக்கும் பழக்கம் வரும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

பராமரிப்பு எளிது. குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவிக் காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்தால் போதும். பற்பசை கீறிவிடும், வெந்நீர் வடிவத்தைக் கெடுத்துவிடும். முன்பற்களை மட்டும் மூடும் சிறிய கார்டுகள் வசதியாகத் தெரிந்தாலும், நீண்ட நாள் போட்டால் பின்பற்கள் எழும்பிக் கடி மாறக்கூடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பல் அடைக்கவோ கேப் போடவோ வேண்டியிருந்தால் அவற்றை முடித்துக்கொண்டு அச்சுக்குப் போங்கள். பல்லின் வடிவம் மாறினால் பழைய கார்டு பொருந்தாமல் போய், இன்னொரு முறை முழுப் பணமும் கட்ட நேரிடும்.