மழலைக்கு வேற்றுமொழி: வீடா, பள்ளியா, வார வகுப்பா, திரையா?

நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 84 மணி நேரம். வார வகுப்பில் சேர்த்தால் அதில் ஒரு மணி நேரம்தான் புதிய மொழிக்குப் போகும். அந்த மொழியிலேயே நடக்கும் பாலர் பள்ளியில் இருபது மணி நேரமாவது கிடைக்கும். அம்மாவோ அப்பாவோ அந்த மொழி பேசுபவராக இருந்தால், எண்ணிப் பார்க்கவே தேவையில்லாத அளவுக்குக் கிடைக்கும். எந்த வழி நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் போடச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். பாடத்திட்டம், படப்புத்தகம் எல்லாம் அப்புறம்.

மணிக்கணக்குதான் பெரிது என்றால் திரையை ஓடவிட்டால் போதாதா? போதாது. 2003இல் குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆராயும் பட்ரிசியா கூல் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. சீன மாண்டரின் பேசுபவர் நேரில் வந்து 12 முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் போல, குழந்தைகளோடு விளையாடிப் பேசினார். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே பேச்சைக் காணொளியாகப் பார்த்தவர்களுக்கும் ஒலிப்பதிவாகக் கேட்டவர்களுக்கும் எதுவும் ஒட்டவில்லை.

ஆனால் திரை என்றாலே வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2014இல் வெளியான இன்னொரு ஆய்வில், இரண்டு வயதையொட்டிய குழந்தைகள் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய சொற்களைக் கற்றார்கள். முன்பே பதிவு செய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. குழந்தை சிரித்தால் சிரிக்க, விரல் நீட்டினால் அந்தப் பொருளின் பெயரைச் சொல்ல, மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும். ஆகவே அந்த மொழி பேசும் சித்தியோ தாத்தாவோ தொலைவில் இருந்தால், செயலிக்குக் கட்டும் சந்தாவை விட அவர்களுடன் தினமும் பேசும் பத்து நிமிட அழைப்பு மேல். 2 முதல் 4 வயது வரை திரைநேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அறிவுரை. அந்த ஒரு மணி நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பதே கேள்வி.

வீட்டு வழியில் பெயர்பெற்றது 'ஒருவருக்கு ஒரு மொழி' என்ற முறை. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா தன் மகனைப் பிரெஞ்சு, ஜெர்மன் இரண்டிலும் வளர்த்த கதையை 1913இல் நூலாக எழுதினார். அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி என்பதில் உறுதியாக இருந்தார்கள். இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒரு சொல் மாறினால்கூடக் கலங்கிப்போகும் பெற்றோர் உண்டு. தேவையில்லை. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 1,899 குடும்பங்களிடம் திரட்டிய தகவலை மொழி ஆய்வாளர் அன்னிக் டி ஹவுவர் 2007இல் வெளியிட்டார். ஒருவருக்கு ஒரு மொழி என்ற ஏற்பாடு கட்டாயமும் இல்லை, அது மட்டுமே போதுமானதும் இல்லை என்பது அதில் தெரிந்தது. பெற்றோர் இருவருமே சிறுபான்மை மொழியை, அதாவது வெளியில் அதிகம் பேசப்படாத மொழியை, வீட்டில் பேசியபோதுதான் பிள்ளைகள் அதைப் பேசும் வாய்ப்பு கூடியது. நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: எந்த மொழியில் உங்களால் பிள்ளையைக் கொஞ்சவும் கண்டிக்கவும் கதை சொல்லித் தூங்கவைக்கவும் முடியுமோ, அந்த மொழியை விட்டுவிடாதீர்கள். தட்டுத்தடுமாறிப் பேசும் அயல்மொழிக்காக அதைக் கைவிட்டால் குழந்தைக்கு நஷ்டம்.

வீட்டில் அந்த மொழி தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் மூழ்கல் முறைப் பள்ளியே, அதாவது எல்லாமே அந்த மொழியிலேயே நடக்கும் பள்ளியே, என் தேர்வு. 1965இல் கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சிலேயே பாலர் வகுப்பு தொடங்கியது. பிள்ளைகளின் ஆங்கிலம் கெடவில்லை. பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் நன்றாகவே தேறினார்கள். பேசுவதில்தான் சற்றுப் பின்தங்கினார்கள். ஒன்றை மறக்கக்கூடாது: அவர்களின் வீட்டுமொழி நாடெங்கும் கோலோச்சிய மொழி. வெளியில் கேட்கவே கிடைக்காத மொழி உங்கள் வீட்டுமொழி என்றால், மூழ்கல் பள்ளியில் சேர்க்கும் முன் வீட்டில் அதற்கான இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது பாடவேளையைக் கவனிப்பதை விட, கைகழுவும்போதும் விழுந்து அழும்போதும் ஆசிரியை எந்த மொழியில் பேசுகிறார் என்று கவனியுங்கள். சில பிள்ளைகள் அங்கே வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட வாயே திறக்கமாட்டார்கள். அந்த மௌனத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'சொல்லு, சொல்லு' என்று நச்சரிக்காத ஆசிரியை கிடைத்தால் விடாதீர்கள்.

வார வகுப்பில் பாட்டும் 'எழு, குதி, கதவைத் தொடு' என்று உடலை அசைத்துக் கற்கும் விளையாட்டும் குழந்தைக்குப் பிடித்துப்போகும். காது பழகும், ஆசை வரும். பேச்சு வரும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

இது மட்டுமே கிடைக்கிறது என்றால், காத்திருப்பதிலும் தவறில்லை. 'ஐந்தில் வளையாதது' என்று பயமுறுத்துபவர்களுக்கு ஒரு தகவல்: நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற ஆங்கிலேயர்களை ஆராய்ந்து 1978இல் வெளியான ஆய்வில், முதல் மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதினர். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் பல சோதனைகளில் கடைசியில் நின்றார்கள்.

எந்த வழியானாலும் பாலர் பருவம் முடிந்த பிறகு என்ன என்று இப்போதே கேட்டுவிடுங்கள். 3 முதல் 8 வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். 2003இல் வந்த அந்த முடிவின்படி, அவர்களால் கொரிய வாக்கியங்களை மற்ற அயல்மொழி வாக்கியங்களிலிருந்து பிரித்தறியக்கூட முடியவில்லை. ஒரு காலத்தில் அது அவர்களின் தாய்மொழி. அதனால்தான், ஓராண்டு மட்டும் நடக்கும் மிகச் சிறந்த மூழ்கல் பள்ளியையும் பத்தாண்டு தொடரக்கூடிய ஒரு பாட்டியின் பேச்சையும் என் முன் வைத்தால், நான் பாட்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.