உடம்பு கருவியா, நானேதானா?

சாவு வீட்டில், நேற்றுவரை உறவுமுறை சொல்லி அழைத்தவரைப் பற்றியே "பாடியை எப்போது எடுக்கிறார்கள்?" என்று கேட்கிறோம். ஆனால் என் தாயாரைக் குளிப்பாட்டியபோது, சீயக்காய் கண்ணில் இறங்கிவிடாதபடி சித்தி தம் உள்ளங்கையை அம்மாவின் நெற்றியில் அணைத்து வைத்துக்கொண்டார். உயிர் பிரிந்த கண்ணுக்கு எரிச்சல் ஏது? மனிதர் என்பவர் உயிர் மட்டுமா, உடம்பும் சேர்ந்தவரா என்பதில் சமயங்கள் தரும் விடைகளை அந்தக் கையை நினைத்தே நான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

சைவ சித்தாந்தத்தில் உயிர் என்றும் உள்ளது. ஆணவ மலம் என்னும் அழுக்கால் அறிவு மறைந்து கிடக்கும் அவ்வுயிர் பக்குவப்படுவதற்காக, தநு (உடம்பு), கரணம் (மனம் முதலிய உட்கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்னும் நான்கையும் இறைவன் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து ஆக்கித் தருகிறான். ஆகவே உடம்பு ஒரு கருவிதான், ஆயினும் இழிவானதன்று. உடம்பு அழிந்தால் மெய்ஞ்ஞானம் சேராது என்று திருமூலர் அதனைப் பேணச் சொன்னது இதனால்தான். உயிரோடிருக்கும் உடம்பைப் பேண இதைவிட வலுவான காரணத்தை நான் கண்டதில்லை. ஆனால் வேலை முடிந்த கருவியிடம் சித்தி காட்டிய பரிவுக்கு இதில் நேரான விளக்கம் இல்லை.

பௌத்தம் கேள்வியையே மாற்றுகிறது. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின், அதாவது கூறுகளின், சேர்க்கைக்கே மனிதர் என்று பெயர். சக்கரம், அச்சு, நுகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி இதில் தேர் எது என்று மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டது போல, பகுதிகளுக்கு அப்பால் நிலையான ஆன்மா எதுவும் அதில் இல்லை. நோயில் அம்மா நாளுக்கு நாள் வேறொருவராக மாறியதை அருகிலிருந்து பார்த்த எனக்கு, மாற்றத்தைப் பற்றிய இந்தத் தெளிவு பெரிய ஆறுதலாக இருந்தது.

கிறித்தவம் பொதுவாக உடலைத் தாழ்த்துவது என்று நம்மில் பலர் எண்ணுவது தவறு. 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், "என் ஆன்மா நான் அல்ல" என்றே எழுதினார். ஆன்மா இறப்பைக் கடந்து நிலைத்தாலும், உடல் உயிர்த்தெழுந்தால்தான் அந்த மனிதர் முழுமையாவார் என்பது அவர் கொள்கை. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்தை அனுமதித்த பின்னரும், சாம்பலைத் தூவவோ பங்கிடவோ கூடாது என்று 2016இல் வலியுறுத்தியது இந்த நம்பிக்கையால்தான். உயிர்த்தெழுதலை நம்பும் இஸ்லாத்திலும் உடலைக் கழுவி, வெள்ளைத் துணியில் கஃபனிட்டு மண்ணில் அடக்குகிறார்கள்.

பிறப்பால் சைவரான நான், சித்தியின் கைக்கு நெருக்கமான விளக்கம் அக்குவினாஸிடம் இருப்பதாகவே கருதுகிறேன். ஆனால் இறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே காத்திருக்கும் ஆன்மா அம்மா இல்லையென்றால், திதிக்கு எள்ளும் நீரும் இறைக்கும்போது நாங்கள் யாரை அழைக்கிறோம் என்ற கேள்விக்கு அவரிடம் எனக்கு விடை கிடைக்கவில்லை. உயிர் அழியாது என்னும் சித்தாந்தத்தில் கிடைக்கிறது.