இருமாத பில், மாத பில், கையடக்கத் திரை: சிக்கனத்தைத் தூண்டியது எது?

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலோர் ஆம் என்றே சொல்வார்கள். மீட்டருக்கு அந்த முகதாட்சண்யம் கிடையாது. அயர்லாந்தின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சோதனைக்காக ஆயிரக்கணக்கான வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி, அரைமணிக்கு ஒருமுறை அளவெடுத்தது. 2009இன் பிற்பாதியில் வழக்கமான பயன்பாட்டைப் பதிவுசெய்து, 2010 முழுவதும் வீடுகளைக் குழுக்களாகப் பிரித்து நேரத்துக்கேற்ற கட்டணத்தை நடைமுறைப்படுத்தியது. வார நாள்களில் மாலை 5 முதல் 7 மணி வரை உச்சநேரம். அப்போதுதான் விலை அதிகம்.

பயன்பாட்டு விவர அறிக்கையுடன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் பெற்ற வீடுகள், கட்டணம் மாறாத ஒப்பீட்டுக் குழுவைவிட மொத்தப் பயன்பாட்டில் 1.1 சதவீதமே குறைத்தன. அதே பில் மாதந்தோறும் வந்த வீடுகளில் இது 2.7 சதவீதம், குறைப்பு இலக்கை எட்டினால் பரிசு என்று சொல்லப்பட்ட வீடுகளில் 2.9, இருமாத பில்லோடு, ஓடும் செலவை அவ்வப்போதே காட்டும் திரையும் தரப்பட்ட வீடுகளில் 3.2. மொத்தச் சேமிப்பை மட்டும் பார்த்தால் திரைக்கும் மாத பில்லுக்கும் இடையே அரை சதவீதமே வித்தியாசம் என்பதால், கருவிக்குச் செலவழிக்க நான் தயங்குவேன். தமிழ்நாட்டைப் போல இருமாதக் கணக்கீட்டில் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உச்சநேரக் கணக்கு வேறு கதை. அங்கே இருமாத பில் 6.9, பரிசு 8.3, மாத பில் 8.4 சதவீதக் குறைப்போடு நின்றுவிட, திரை 11.3 சதவீதத்தை எட்டியது. மாலை ஆறு மணிக்கு மின் அடுப்பைப் போடும்போது கண்ணெதிரே செலவு ஏறுவதைப் பார்ப்பதும், மாதக் கடைசியில் தாளில் படிப்பதும் ஒன்றாகிவிடாது.

ஆனால் உச்சநேர விலையை யூனிட்டுக்கு 20 யூரோ சென்ட்டிலிருந்து 38 சென்ட் வரை வெவ்வேறாக வைத்துப் பார்த்தும், விலை கூடக் கூடக் குறைப்பும் கூடியதாகத் தெரியவில்லை. விலைப்பட்டியல் அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டத் தந்த காந்த அட்டை, எத்தனை சென்ட் என்பதைவிட எந்த நேரம் என்பதையே மனத்தில் பதித்திருக்கும் என்பது என் ஊகம்.

மீட்டரிலும் ஒரு குறை உண்டு. ஆறு மணிக்குப் பயன்பாட்டில் விழுந்த பள்ளம், துணி துவைப்பதை ஒத்திப்போட்டதாலா, குடும்பமே வெளியே சாப்பிடப் போனதாலா என்று அது சொல்லாது. சோதனைக்கு முன்னும் பின்னும் அதே வீட்டாரிடம் கேள்விப் பட்டியலையும் நீட்ட வேண்டியிருந்தது அதனால்தான்.