பழைய லாரிக்குப் போர் தண்ணீரா, கூலன்ட்டா? செப்பு ரேடியேட்டரா, அலுமினியமா?

இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய லேலண்டும் டாடாவும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. லைனுக்குப் போகாவிட்டாலும் ஜல்லி, செங்கல், தண்ணீர் டேங்கர் என்று உள்ளூர் லோடு ஓடுகிறது. மைக்கோ டீசல் பம்ப் வைத்த இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. சூடு ஏறினால் டேஷ்போர்டில் உள்ள முள் ஒன்றுதான் சொல்லும். பாதி வண்டிகளில் அந்த முள்ளும் செத்துக் கிடக்கும். உயிரோடு இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் இறங்கி சென்சார் காற்றில் நின்றுவிட்டால், முள் உண்மையான சூட்டைக் காட்டாது. இன்ஜின் ஜாம் ஆகும் தறுவாயிலும் அது நடுவில் நிம்மதியாக நிற்கும். அதனால்தான் பழைய வண்டிக்கு எதை ஊற்றுவது, எதை மாட்டுவது என்பதை முன்கூட்டியே யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எதை ஊற்றுவது

வெறும் தண்ணீருக்கு உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். சூட்டை வாங்கிக்கொண்டு போவதில் தண்ணீரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடாக 4.18 கிலோ ஜூல் வாங்கும். கிளைக்கால் என்கிற ரசாயனத்தைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்த கூலன்ட் ஏறக்குறைய 3.4தான் வாங்கும். "கூலன்ட் ஊத்தினா வண்டி ஜில்லுனு ஓடும்ணே" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கூலன்ட்டின் வேலை வேறு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை ஏற்றுகிறது, குளிரில் உறையாமல் காக்கிறது.

நம் ஊரில் பிரச்சினை தண்ணீரில் இல்லை, எந்தத் தண்ணீர் என்பதில் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. இன்ஜின் கம்பெனியான கேட்டர்பில்லர் தன் இன்ஜின்களுக்கு 170-க்கு மேல் வேண்டாம் என்கிறது, குளோரைடு 40-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது மனிதன் குடிக்கலாம் என்று அனுமதித்த தண்ணீரே இன்ஜினுக்கு ஆகாமல் போகலாம். கொங்குப் பக்கத்துப் போர் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம். வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்குதான் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளும் படிகிறது. அதுவும் சூடு அதிகமான இடத்தில், எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி, முதலில் படியும். பொருக்கு சூட்டைக் கடத்தாது. வெளியே ஓடுகிற தண்ணீர் 85 டிகிரியில் இருக்கும்போதே உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும். ஹெட் விரிசல் விடுவது அங்கேதான்.

கேன் தண்ணீர் என்கிற ஆர்.ஓ. தண்ணீர் பொருக்கு விடாது. ஆனால் தனியாக ஊற்றினால் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் அப்படித்தான். இரண்டையும் கூலன்ட்டோடு சேர்த்து ஊற்றினால் அருமையான கலவை. 20 லிட்டர் பிடிக்கிற வண்டிக்கு 10 லிட்டர் கான்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்), 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். கலந்தே வருகிற டப்பாவும் இதையேதான் தருகிறது. தண்ணீரையும் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். டாப்-அப்புக்கு ஒரு டப்பா வண்டியில் கிடக்கட்டும், முழுசாக நிரப்ப கான்சென்ட்ரேட் வாங்குங்கள். செலவைக் குறைக்க ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி மீதிக்குத் தண்ணீர் விடுவது வீண். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் துருத்தடுப்பு மருந்தின் அளவும் கீழே போய்விடும்.

பாதிக்குப் பாதி கலந்தது திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். நல்ல மூடி போட்டு அழுத்தம் ஏறினால் 125 டிகிரியைத் தொடும். திம்பம் மலைப்பாதை ஏறும்போது இது புரியும். 27 கொண்டை ஊசி வளைவு, முதல் கியர், இரண்டாவது கியர், முன்னால் காற்று இல்லை, ஃபேன் மட்டுமே துணை. அங்கே இந்தக் கூடுதல் இடைவெளிதான் வண்டியைக் காப்பாற்றுகிறது. காஷ்மீர் வரை ஆப்பிளுக்குப் போகிற நாமக்கல் வண்டிகளுக்குக் காரணம் இன்னும் நேரடியானது. குளிர்காலத்தில் ஓர் இரவு நிறுத்தினால் வெறும் தண்ணீர் உறைந்து பிளாக்கையே பிளந்துவிடும். சரிபாதிக் கலவை மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும்.

எந்த கூலன்ட் என்பதில் நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் கம்பெனி கலக்கும் சாயம். டப்பாவின் பின்பக்கம் ஏ.எஸ்.டி.எம். டி6210 என்று இருக்கிறதா பாருங்கள். அது கனரக டீசல் இன்ஜினுக்கு என்றே வைத்த தரம். சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கத்தில் நேராகத் தண்ணீர் படுகிற வெட் லைனர் இன்ஜினாக இருந்தால் இது கட்டாயம். பிஸ்டன் அடிக்கிற அதிர்வில் லைனரின் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் உருவாகி, உடைந்து, இரும்பையே துளைத்துவிடும். கழற்றிப் பார்த்தால் ஊசியால் குத்தியது போல வரிசையாகக் குழிகள் தெரியும். கனரகக் கூலன்ட்டில் உள்ள நைட்ரைட் போன்ற சேர்மங்கள் அந்தச் சுவரில் மெல்லிய படலம் கட்டிக் காக்கின்றன. கார் கூலன்ட்டில் அந்தக் காப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐந்து வருடம் தாங்கும் ஆர்கானிக் வகை நல்லதுதான், ஆனால் ஈயப்பற்று வைத்த பழைய செப்பு ரேடியேட்டருக்கு அது ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு வகையை ஒன்றாகக் கலக்கவே கூடாது.

செப்பா, அலுமினியமா

இங்கே என் ஓட்டு தயங்காமல் செப்புக்கு. அலுமினியம் எடை குறைவு, விலையும் குறைவு, புதிதாக இருக்கும்போது நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் மேலும் கீழும் பிளாஸ்டிக் டேங்க் வைத்து மடித்துப் பிடித்திருப்பார்கள். சேசிஸ் முறுக்கிக் குலுங்குகிற பழைய லாரியில் அந்த மடிப்பு கசிய ஆரம்பித்தால் ரோட்டோரப் பட்டறையில் ஒன்றும் செய்ய முடியாது. குளோரைடு உள்ள தண்ணீரை ஒருமுறை ஊற்றிவிட்டாலே டியூபில் புள்ளி புள்ளியாக அரிப்பு தொடங்கும். செப்பு ரேடியேட்டரை எந்த ஊரிலும் ஈயம் வைத்துச் சரிசெய்யலாம், டேங்க்கைப் பிரித்து ராடு விட்டு டியூபைச் சுத்தம் செய்யலாம், கோர் மட்டும் மாற்றலாம். கூலன்ட்டைத் தவிர வேறு எதுவும் ஊற்றாத, நல்ல ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் அலுமினியம் சரி.

கழுவுவதிலும் இதே கணக்கு. ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று ஆகும், கூடவே ஈயப்பற்றும் போகும். அலுமினியம் என்றால் ஆசிட்டும் ஆகாது, காஸ்டிக் சோடாவும் ஆகாது. சிட்ரிக் அமிலம் மெதுவாக வேலை செய்யும், ஆனால் ஆபத்து குறைவு. கழுவிய பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விடுங்கள். பத்து வருடப் பொருக்கைக் கரைத்ததும், அதுவரை பொருக்கே அடைத்து வைத்திருந்த ஓட்டைகள் திறந்து கசியலாம். லோடு ஏற்றுவதற்கு முந்தின நாள் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் விட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும். எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம்.

இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடலாமா என்பதற்குப் பதில், வேண்டாம். இன்ஜின் சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும், சிலிண்டர் தேயும். பைபாஸ் உள்ள இன்ஜினில் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்து சூடும் ஏறலாம்.

ஓஸும் கிளிப்பும்

சிலிக்கான் ஓஸ் பார்க்க அழகு, 170 டிகிரி வரை அசையாது. ஆனால் ரப்பரைப் போல சில மடங்கு விலை, டீசலும் ஆயிலும் பட்டால் ஊறிவிடும், வரிக்கிளிப்பை இறுக்கினால் பற்கள் அதன் மேல்தோலை அறுத்துவிடும். ஆயில் ஒழுகாத பழைய இன்ஜின் அபூர்வம் என்பதால் கம்பெனி ரப்பர் ஓஸே போதும். ரப்பர் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே கிளிப்பை ஒட்டிய இடத்தில் நீளவாக்கில் வெடிக்கும். இன்ஜின் ஆறியபின் கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விரலால் அழுத்திப் பாருங்கள், பிறகு நடுவில் அழுத்திப் பாருங்கள். முனை மட்டும் கொழகொழவென்றோ, உள்ளே பள்ளம் தட்டுவது போலவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கீழ் ஓஸ் உள்ளே ஸ்பிரிங் இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு மாட்டினால், ரேஸ் கொடுக்கும்போது பம்ப் இழுப்பில் ஓஸ் சப்பிக்கொள்ளும்.

டீசல் பைப்

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பில் அழுத்தம் இல்லை, இழுப்புதான். ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். காலையில் பத்து முறை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. இரும்புப் பைப் உறுதியானது, ஆனால் சேசிஸில் கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் சேறு தேங்கித் துருப்பிடிக்கும். நைலான் துருப்பிடிக்காது, ஆனால் சைலன்சர் பக்கம் போனால் உருகும். சேசிஸ் நெடுக நைலான், இன்ஜின் அருகே இரும்பு, இரண்டுக்கும் நடுவில் குலுக்கலைத் தாங்க டீசலுக்கு என்று முத்திரையிட்ட சிறிய ரப்பர் ஓஸ் என்று பிரித்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைக் குமிழி வருகிறதா என்று பார்க்க மட்டும் மாட்டுங்கள். நிரந்தரமாக விட்டால் விறைத்து வெடித்துவிடும். செப்புப் பைப்பும் வேண்டாம். அதிர்வில் இறுகி உடையும், டீசலில் பிசின் கட்டவும் வைக்கும். பைப் முனையை இறுக்குகிற, நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் செப்பு வாஷர் வேறு விஷயம். கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போடுங்கள்.

பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற கெட்டிப் பைப்புக்கு மாற்று எதுவும் கிடையாது. அதே அளவு, அதே வளைவு கம்பெனிப் பைப்தான். அதில் கசிவு இருக்கிறதா என்று இன்ஜின் ஓடும்போது கையால் தடவிப் பார்க்காதீர்கள். 200 பாருக்கு மேல் பீச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஒரு துண்டு அட்டையை நீட்டிப் பாருங்கள், கசிவு இருந்தால் அட்டை நனையும். கையில் பட்டுவிட்டால் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள்.